ராமானுஜன் பெயருக்கு வாரிசு யார்?

பெயர் வைப்பது எளிது. வைத்த பெயருக்கு ஏற்ப நடந்துகொள்வது அரிது. மதுரையில் வாழும் நாம் இந்த உண்மையை நாள்தோறும் நமது வீதிகளிலேயே காண்கிறோம். நகரின் மேற்கே, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் இடத்துக்குக் காளவாசல் என்று பெயர். தென்பாண்டி வழக்கில் காளவாசல் என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவ்விடத்தின் தொழில் விளங்கிவிடுகிறது. சூளையின் புகை என்றோ அடங்கிவிட்டது; இப்போது அங்கே எழுவது வண்டிகளின் புகை. கோவிலைச் சூழ்ந்த வீதிகளோ ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அந்தந்த மாதத்து உற்சவத்தால் பெயர் பெற்றவை. ஆயினும் இன்று சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். காரியம் இடம் மாறிவிட்டது. பெயர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

காரியத்தினால் பிறக்கும் பெயர் ஒரு வகை. காரியம் எதுவும் நிகழாமல் மரியாதைக்காகப் பலகையில் எழுதப்படும் பெயர் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைத் தமிழ் மக்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22-ஆம் தேதி வருகிறது. கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் பிறந்த நாளான அதனைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுவதென்று பிரதம மந்திரி மன்மோகன் சிங் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் அறிவித்தார். அன்றைய தினம் பள்ளிக்கூடங்களில் படத்துக்கு மாலை சாத்துகிறார்கள். 1729 என்ற எண்ணின் கதையைச் சொல்கிறார்கள். மறுநாள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த மனிதருடைய பெயர் உலகத்தில் எங்கெங்கே, எதனெதன் மீது, யாரால் சூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்ப்போமானால், பெருமையும் வெட்கமும் ஒருங்கே நமக்கு உண்டாகும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில், அவருடைய பெயரே இரவல் பெயர். ராமனுக்கு இளையவன் என்று பொருள்படும் அந்நாமத்தை வைஷ்ணவ ஆசாரியர் ஸ்ரீ ராமானுஜர் உலகறியச் செய்தார். அவர் வழி வந்த குடும்பமொன்றில், ஈரோட்டில் பாட்டனார் வீட்டில், 1887-ஆம் ஆண்டு பிறந்த குழந்தைக்கு அதே பெயர் இடப்பட்டது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். தந்தையார் ஜவுளிக்கடைக் கணக்கர். ஆசாரியரின் திருநாமம் தரித்தவர் நமது நாட்டில் ஆயிரக்கணக்கானவர் உண்டு. அவர்களுள் ஒருவர் மட்டும் 32 வயதுக்குள் அப்பெயருக்கு இரண்டாவது அர்த்தம் ஒன்றைச் சம்பாதித்துக் கொடுத்தார். இரவல் வாங்கியதை வட்டியுடன் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

இனி, விஞ்ஞான உலகம் அவர் பெயரை எவ்வாறு வழங்குகிறது என்று பார்ப்போம்.

1916-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, ராமானுஜன் எண்களின் வரிசை ஒன்றை ஆராய்ந்தார். அதிலுள்ள எண்கள் ஒரு குறிப்பிட்ட எல்லையை மீறிப் பெருகமாட்டா என்று அவருக்குத் தோன்றிற்று. நிரூபணம் இல்லாமலே ஊகமாக எழுதி வைத்தார். ‘ராமானுஜன் ஊகம்’ என்று பெயர் பெற்ற அது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்களை ஆட்டிவைத்தது. 1974-இல் பியேர் தெலிஞ் என்ற பெல்ஜியம் நாட்டு அறிஞர், அந்தக் காலத்தின் ஆழ்ந்த கணிதக் கருவிகளையெல்லாம் பிரயோகித்து, அதை நிலைநாட்டினார். கதை அத்துடன் முடியவில்லை. 1988-இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் என்ற மூவர், அந்த ஊகத்தின் பலத்தைக் கொண்டு ஒருவகை வலைப்பின்னலைக் கட்டிக் காட்டினார்கள். புள்ளிகள் ஏராளம், புள்ளிக்குப் புள்ளி இழுக்கும் கம்பிகள் மிகச் சில, ஆனாலும் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் சில அடிகளிலேயே போய்ச் சேரலாம், எங்கே வெட்டினாலும் வலை எளிதில் இரண்டாகப் பிரியாது. குறைந்த செலவில் உறுதியான தொடர்பு வேண்டும் என்று தேடும் கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கு இது பெரிய வரம். அந்த வலைகளுக்கு அவர்கள் ‘ராமானுஜன் வலைகள்’ என்று பெயரிட்டார்கள். ராமானுஜன் தம் வாழ்நாளில் அப்படி ஒரு வலையை வரைந்தவரல்லர். கட்டடத்தின் அஸ்திவாரக் கல் அவருடையது என்று கட்டினவர்கள் உணர்ந்ததனால் பெயர் வைத்தார்கள்.

வேறு உதாரணங்களும் உண்டு. பகா எண்கள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது பற்றி 1919-இல் அவர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றிலிருந்து 2, 11, 17, 29, 41 என்று தொடரும் எண்களுக்கு ‘ராமானுஜன் பகா எண்கள்’ என்ற பெயர் இந்த நூற்றாண்டில்தான் வழங்கலாயிற்று. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்ற எண்ணைக் கணக்கிட 1914-இல் அவர் வெளியிட்ட சூத்திரங்களுள் ஒன்றை எடுத்து, 1985-இல் கோஸ்பர் என்ற அமெரிக்கர் இயந்திரத்தில் இட்டு, 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்களைப் பெற்றார். சென்னையில் நோய்ப் படுக்கையில் கிடந்தபடி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ‘போலித் தீட்டாச் சார்புகள்’ என்ற புதிய இனத்தைப் பிரஸ்தாபித்தார். அவற்றின் உள்ளியல்பை 2002-ஆம் ஆண்டில்தான் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு இளைஞர் தெளிவாக விளக்கினார். இன்று கருந்துளைகளைப் பற்றி ஆராயும் பௌதிகர்களும் அவற்றைக் கையாளுகிறார்கள். ராமானுஜன் கூட்டல், ராமானுஜன் தீட்டாச் சார்பு, ரோஜர்ஸ்-ராமானுஜன் சமன்பாடுகள், லாண்டோ-ராமானுஜன் மாறிலி என்று பட்டியல் இன்னும் நீளும்; நேயர்களின் பொறுமையை நாம் சோதிக்க விரும்பவில்லை.

இவற்றுள் ஒன்றையேனும் எந்த முனிசிபாலிடியாவது தீர்மானம் போட்டு நிறைவேற்றியதுண்டா? எந்த மந்திரியாவது திரை நீக்கித் திறந்து வைத்ததுண்டா? இல்லை. பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் ராமானுஜனின் ஊரையோ, மொழியையோ, மதத்தையோ சார்ந்தவர்களல்லர். அவருடைய வேலையை எடுத்துக் கையாண்டார்கள், கையாண்டதனால் கடன்பட்டார்கள், கடன்பட்டதை ஒப்புக்கொண்டு பெயர் வைத்தார்கள். விஞ்ஞான உலகத்தில் ஒரு பெயர் என்பது கடன் பத்திரம்.

நம்மவர் வைத்த பெயர்கள் எவை? அநியாயமாகப் பேச நமக்கு விருப்பமில்லை. நல்ல காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். நமது பாண்டி நாட்டின் கோட்டையூரில் பிறந்த வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிலையத்தை நிறுவினார். அதன் முதல் தலைவராக அமர்ந்தவர், ஹார்டியிடம் பயின்ற தமிழரான டி. விஜயராகவன். 1957-இல் செட்டியார் மறைந்ததும், நிலையம் பொருளின்றித் தத்தளித்தது. வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பண்டித நேருவுக்கு எழுதி முயன்றதன் பேரில் சென்னைச் சர்வகலாசாலை அதை ஏற்றுக்கொண்டது. இன்றளவும் அது நடந்து வருகிறது. பள்ளி ஆசிரியரான பி. கே. ஸ்ரீநிவாசன் சென்னை ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜனுக்கென ஒரு காட்சிசாலையை அமைத்தார். தஞ்சைச் சாஸ்திரா சர்வகலாசாலை கும்பகோணத்து வீட்டை 2003-இல் வாங்கிப் பாதுகாத்ததோடு, 2005 முதல் ஆண்டுதோறும் 32 வயதுக்கு மேற்படாத கணிதர் ஒருவருக்கு ராமானுஜன் பரிசு வழங்கி வருகிறது. அந்தப் பரிசைப் பெற்ற மஞ்சுள் பார்கவா, டெரன்ஸ் டாவ், அக்ஷய் வெங்கடேஷ், பீட்டர் ஷோல்ஸே, மரினா வியாஸோவ்ஸ்கா ஆகியோர் உலகக் கணிதத்தின் மேலான கௌரவமாகிய பீல்ட்ஸ் பதக்கமும் பெற்றிருக்கிறார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரத்திலுள்ள சர்வதேச நிலையமும் 2005 முதல் வளரும் நாடுகளின் இளைஞர்களுக்கு ராமானுஜன் பெயரால் பரிசு தருகிறது. 2021-இல் அதைப் பெற்றவர் கல்கத்தாவில் பணிபுரியும் நீனா குப்தா என்ற பெண்மணி. ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டுபிடிக்கப்பட்ட சிறு கோள் ஒன்றுக்கும் அவர் பெயரே. இவையெல்லாம் பெயரோடு காரியமும் சேர்ந்து நடக்கும் இடங்கள். இவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இவற்றுக்கு அப்பால், 1962 முதல் பலமுறை வெளிவந்த தபால் தலைகள் உண்டு; சினிமாப் படங்கள் உண்டு; சென்னைத் தரமணியில் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் பெரிய மாளிகைத் தொகுதி ஒன்றுக்கும் ராமானுஜன் பெயர் உண்டு. தபால் தலையையும் சினிமாவையும் நாம் குறை கூறவில்லை. அவற்றால் பெயரேனும் பரவுகிறது. மாளிகைத் தொகுதியை நினைக்கும்போது மட்டும், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குத் துறைமுக ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு, காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டுப் பலகையில் எழுதி முழங்கையால் அழித்த மனிதரின் பெயர் அவ்வளவு உயரத்தில் ஏறியதைக் கண்டு சந்தோஷப்படுவதா, பெருமூச்சு விடுவதா என்பது நமக்கு விளங்கவில்லை.

இந்த வழக்கில் மிக முக்கியமான சாக்ஷி ஒருவர் இருந்தார். ராமானுஜனின் தர்மபத்தினி ஜானகி அம்மாள், 1920-இல் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். சொற்ப உபகாரச் சம்பளத்தோடும், துணி தைத்துத் தாமே ஈட்டிய கூலியோடும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994-இல் மறைந்தார். கணவருக்குச் சிலை எழுப்பப் போவதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று அம்மையார் தமது முதுமையில் பத்திரிகைப் பேட்டி ஒன்றில் வருந்தினார். அந்தக் கேள்வி நமது காதில் விழுந்ததா? அது எட்டியது அமெரிக்காவில் விஸ்கான்ஸினில் இருந்த ரிச்சர்டு ஆஸ்கி என்ற கணித ஆசிரியரின் காதில். உலகத்துக் கணிதர் நூற்றுக்கு மேற்பட்டோர் தத்தம் கையிலிருந்து பணம் போட்டார்கள். பால் கிரான்லண்டு என்ற சிற்பி வெண்கலத் தலைச்சிலை வார்த்தார். 1980-களில் அது அம்மையாரின் இல்லம் வந்து சேர்ந்தது. சிலை எழுப்புவதில் நிகரற்றவர்கள் என்று பெயர் வாங்கிய தமிழர், அந்த ஒரு சிலையை மட்டும் பிறருக்கு விட்டுக்கொடுத்தார்கள்!

நோட்டுப் புத்தகங்களின் சரித்திரமும் ஏறக்குறைய இதுவே. ராமானுஜன் கைப்பட எழுதிய நோட்டுகள், அவர் மறைந்து 37 ஆண்டுகளுக்குப் பின், 1957-இல்தான் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் அப்படியே படமெடுத்து அச்சிடப்பட்டன. அவருடைய கடைசி ஆண்டின் தாள்களை ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் 1976-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூல்நிலையத்தின் பெட்டி ஒன்றிலிருந்து கண்டெடுத்தார். நோட்டுகளிலுள்ள ஆயிரக்கணக்கான சூத்திரங்களுக்கு ஒவ்வொன்றாக நிரூபணம் எழுதி 1985 முதல் 1998 வரை ஐந்து பெரும் பாகங்களாக வெளியிட்டவர் புரூஸ் பெர்ண்ட் என்ற மற்றோர் அமெரிக்கர். ஆங்கிலத்தில் கிடைக்கும் இந்தப் பெருஞ்செல்வத்தின் சாரத்தையேனும், கல்லூரி மாணவனொருவன் படித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் முறையாக எழுதித்தர வேண்டும் என்ற முயற்சி நமது நாட்டில் எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதை அபிமானிகள் தங்கள் மனச்சாட்சியையே கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டத்தில் ஒரு விதி உண்டு. பிதிரார்ஜித ஆஸ்தியை ஏற்பவன், அந்த ஆஸ்தியின் அளவுக்கு இறந்தவருடைய கடனையும் ஏற்க வேண்டும். சொத்து எனக்கு, கடன் பிறருக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. ராமானுஜன் என்ற பெயரின் புகழை நமது பிதிரார்ஜிதம் என்று உரிமை கொண்டாடும் நாம், அதனுடன் சேர்ந்த கடன் எது என்று கேட்டோமா? அந்தக் கடன் இன்னதென்பதை 1913-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

ராமானுஜன் பட்டதாரி அல்லர். கணக்கில் நிகரற்றவராயிருந்தும் மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சையைத் தாண்ட முடியாதவர். அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுக்கலாமா என்ற பிரச்சினை சென்னைச் சர்வகலாசாலையின் முன் வந்தது. விதிகளின்படி எம்.ஏ. பட்டம் பெற்றவனுக்கே அது உரியது. அப்போது ஹைகோர்ட்டு நீதிபதி பி. ஆர். சுந்தரமய்யர் எழுந்து, ஆராய்ச்சியை வளர்ப்பது சர்வகலாசாலையின் நோக்கங்களுள் ஒன்று என்று அதை ஸ்தாபித்த சட்டத்தின் முகவுரையே கூறவில்லையா என்று வினவினார் என்பதை ராமானுஜனின் சரித்திரத்தை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். விதியின் எழுத்தைவிடச் சட்டத்தின் நோக்கம் பெரிது என்ற அந்த வாதம் வென்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமது ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பதைத் தவிர வேறு சுமையின்றி, குமாஸ்தா ஒருவர் ஆராய்ச்சியாளரானார். 1914 மார்ச்சில் கப்பலேறுவதற்கு முன் நமது நாடு அவருக்குச் செய்த உண்மையான கௌரவம் இதுவே. அந்த 75 ரூபாய் உத்தரவில் அவர் பெயரால் ஒரு கட்டடமும் எழவில்லை. ஆனால் அவருக்குப் பெயர் உண்டாயிற்று.

இன்று கும்பகோணத்திலோ, உசிலம்பட்டியிலோ, மேலூரிலோ அப்படி ஓர் இளைஞன் தோன்றினால் அவன் கதி என்ன? முதுநிலைப் பட்டமோ நான்காண்டுப் பட்டமோ இல்லாதவன் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொள்ளக்கூட 2022-ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. விதிகளில் இடமில்லை. விதிகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விதியில்லாத இடத்தில் சிபாரிசு ஆளும் என்பதை அறியாதவர்களல்ல நாம். ஆனால் விதிக்கு விலக்கு அளிக்கும் ஒரு வாசலை, தகுதியுள்ள அறிஞர் குழுவின் பரிசோதனைக்கு உட்பட்டு, திறந்து வைப்பதில் என்ன தடை? ராமானுஜன் பெயரால் மாலை சாத்தும் ஒவ்வொரு சர்வகலாசாலையும், அவரை இன்று தன் வாசலில் நிறுத்தினால் உள்ளே விடுமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேதை பிறவியில் வருவது. அதை உத்தரவு போட்டு உண்டாக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் மேதையைப் பட்டினி போட்டு அழிக்க முடியும் என்பதற்கு உத்தரவே தேவையில்லை, அலட்சியம் போதும். பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறக்குமே என்று வேறு சிலர் சொல்வார்கள். பிறக்கும், மறுப்பில்லை. உற்சாகம் பிறந்த பிள்ளை மறுநாள் புத்தகம் தேடுகிறான், வழிகாட்டி தேடுகிறான். அவை கிடைக்காவிட்டால் அவனுக்கு ஏற்படும் ஏமாற்றம், உற்சாகம் பிறவாதிருந்தால் ஏற்பட்டிராது.

அன்றியும், ஒருவர் பெயரையே ஓயாமல் ஜபிப்பதில் வேறொரு தீங்கும் உண்டு. தமிழகம் கணித உலகுக்குக் கொடுத்த பெயர் ஒன்றே ஒன்று என்ற எண்ணம் நிலைத்துவிடுகிறது. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்து, வேரிங் பிரச்சினையில் அழியாப் புகழ் ஈட்டி, 1950-இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்ட எஸ். எஸ். பிள்ளையின் பெயரால் ‘பிள்ளை ஊகம்’ என்று ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. முன்சொன்ன விஜயராகவனின் பெயர் ‘பீஸோ-விஜயராகவன் எண்கள்’ என்று நிலைத்திருக்கிறது. சென்னையில் 1938-இல் பிறந்து, டாட்டா நிலையத்தில் பணிபுரிந்து, 1974-இல் 36 வயதில் மறைந்த சி. பி. ராமானுஜம், பெயரால் மேதைக்கு ஏறக்குறைய ஒத்தவர். அவர் பெயரால் ‘ராமானுஜம் தேற்றம்’ ஒன்று உண்டு. இவர்களைப் பற்றி நமது நகரத்தில் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூத்தவனுக்கு மட்டும் படையல் போட்டு இளையவர்களை மறக்கும் வீட்டில், அந்த மூத்தவனும் மனமகிழ்ந்து இருக்கமாட்டான்.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1966-இல் பிறந்த மதுரைச் சர்வகலாசாலையும், நகரத்தின் பழம்பெருங் கல்லூரிகளும் கூடி, பட்டத்தைப் பாராமல் திறமையை மட்டுமே பார்த்து ஆண்டுக்கு ஓரிருவருக்கேனும் உபகாரச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யட்டும். பணத்துக்கு நமது வியாபாரப் பெருமக்கள் இருக்கிறார்கள், அழகப்பர் காட்டிய வழியும் இருக்கிறது. இரண்டாவது, ராமானுஜன், பிள்ளை, விஜயராகவன் முதலியோரின் கணிதத்தை விளக்கும் நூல்களைத் தமிழில் தகுதியுள்ளோரைக் கொண்டு எழுதுவித்து மலிவான விலைக்குக் கொடுக்கட்டும். மூன்றாவது, காளவாசல் முதலாகப் பள்ளிக்கூடங்கள் நெருங்கியுள்ள பேட்டைகளில், கணக்கில் ஆசையுள்ள பிள்ளைகள் மாலைதோறும் வந்து உட்கார ஓர் அறையும், ஒரு கரும்பலகையும், சம்பளம் பெறும் ஒரு நல்லாசிரியரும் ஏற்படட்டும். அவ்வறைக்கு எந்தப் பெயரும் வைக்க வேண்டாம்.

அங்கே உட்கார்ந்து படித்த பிள்ளை ஒருவன் நாளை புதியதொன்றைக் கண்டுபிடித்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலுள்ள அறிஞன் அதை எடுத்துக் கையாண்டு, அதற்கு அந்தப் பிள்ளையின் பெயரைச் சூட்டுவானாகில், ராமானுஜன் பெயருக்கு வாரிசு யார் என்ற வழக்கு தீர்ந்துவிடும். அதுவரையில் வாரிசு என்று சொல்லிக்கொள்ள நாம் காட்டக்கூடிய தஸ்தாவேஜு, மாலை வாடிய ஒரு படம் மட்டுமே.